காரணம் ஏழு

பாக்ஸிங் டே முடிந்து பத்து நாள்.
மில்டனில், 401 நெடுஞ்சாலை ஓரக் கிடங்கில்
ஆறாம் கதவு திறந்தே கிடக்கிறது.
பனிக்காற்றோடு உள்ளே வருகின்றன
போன மாதம் வெளியே போன பெட்டிகள்.

பிரித்துப் பார்ப்பது என் வேலை.
துடைத்து, சார்ஜ் ஏற்றி, ஒரு சுற்று ஓடவிட்டு
ஏ, பி, சி என்று தரம் குத்துவது.
ஏன் திருப்பினார்கள் என்று
ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் ஓர் எண் தட்டுவது.
ஒன்று: உடைந்தது.
நான்கு: நிறம் மாறி வந்தது.
ஏழு: சொன்னபடி இல்லை.
ஜனவரி முழுக்க என் விரல்
ஏழை விட்டு எழுவதே இல்லை.

சட்டை மடிக்கும் இயந்திரம் வந்தது.
பெட்டிமேல் ஒருத்தி தேநீரோடு சிரிக்கிறாள்.
கழற்றி வைத்திருந்த என் சட்டையையே கொடுத்தேன்.
பதினொரு நிமிடம்.
அவள் தேநீர் இதற்குள் ஆடை கட்டியிருக்கும்.
கோபித்துக்கொண்டு கிளம்புகிறவன்
பெட்டிக்குள் திணித்ததுபோல்
வெளியே வந்தது சட்டை.

பல் துலக்கினால் மதிப்பெண் போடும் பிரஷ்.
யாரோ நாற்பத்திரண்டு வாங்கியிருக்கிறார்.
அதற்குமேல் அவமானப்பட மனமில்லைபோலும்.

தண்ணீர் குடிக்கச் சொல்லும் போத்தலுக்கு
அணைக்கும் பொத்தான் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.
இரவு முழுதும் மூன்றாம் தட்டிலிருந்து
ஆளில்லாத வரிசைக்குத் தாகமா, தாகமா என்று கேட்டது.
ரோசலின்டா ஏணி வைத்து ஏறி
அதன் வாயில் டேப் ஒட்டிவிட்டு வந்தாள்.

பிறகு அது.
இடுப்பளவு உயரம், இரண்டு கை,
கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நீல வெளிச்சம்.
என் மூன்று மாதச் சம்பளம் விலை.
மூஸ் ஜாவிலிருந்து வந்திருந்தது.
நெஞ்சில் ஒட்டிய தாளில்
நடுங்கும் கையெழுத்து:
'மிகவும் மரியாதையானது.
ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டது.
கோப்பையை மட்டும் கொண்டுவரவில்லை.'

இதற்கென்று ஓர் எண் இல்லையே என்றேன்.
மேற்பார்வையாளர் ஹர்ஜோத் தாளை இருமுறை படித்தார்.
ஏழுதான் என்றார்.
ஆனால் தாளைக் குப்பையில் போடவில்லை.
மடித்து ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நானும் ஒன்று வாங்கினேன், சொல்லிவிடுகிறேன்.
பணியாளர் விற்பனை, சி தரம்,
தரை துடைக்கும் வட்ட ரோபோ, முப்பது டாலர்.
எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தபிறகும்
எனக்கு மட்டும் வேலைசெய்யும் என்று
ஒரு மூலையில் தோன்றத்தான் செய்கிறது.

டெரி வீதி பேஸ்மென்டில் முதல் நாள்
நேரே போய்ச் சுவரில் முட்டியது.
விலகி வந்து மறுபடி அதே இடத்தில்.
பழைய வீட்டின் வரைபடத்தை
அழிக்காமல் கொண்டுவந்துவிட்டேன்.
அந்த வீட்டில் அங்கே ஒரு நீண்ட நடை,
நடையின் முடிவில் குசினி.
என் சுவருக்குள் யாருடைய குசினியையோ
அரை மணி நேரம் தேடியது.

அழித்தேன். புதிதாக வரையச் சொன்னேன்.
பாய்விளிம்பைத் தின்றது,
என் ஒற்றைக் காலுறையைத் தின்றது,
கட்டிலுக்கடியில் சிக்கிப் பெண்குரலில் உதவி கேட்டது.
நான்காம் நாள் கைப்பேசியில் படம் வந்தது:
கட்டில். ஹீட்டர். சப்பாத்துத் தட்டு.
மேசையருகே ஒரு கதிரை.

என்னிடம் கதிரை கிடையாது.
பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு
இரவு வேலை முடிந்து வந்து
அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.
சோற்றில் கைவைத்தபடியே
தூங்கியும் போகிறேன்.

இப்போது விடிய ஐந்து மணி.
வெளியே பனி வழிக்கும் லாரி போகிறது.
இது என் கால்களைச் சுற்றி
இடிக்காமல், அவசரப்படாமல்,
ஒவ்வொரு பருக்கையாக எடுக்கிறது.
கால் மரத்துப்போயிற்று.
அசையாமல் இருக்கிறேன்.
அசைந்தால்
வீட்டை முதலிலிருந்து வரையத் தொடங்கிவிடும்.