இடது ஓரத்து முழங்கை

காரைக்குடி செக்காலை ரோட்டில்
கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்திருந்தார்கள்.
மார்கழி. முகூர்த்தம் இல்லை. வாடகை குறைவு.
மணமேடையில் மாப்பிள்ளை பொண்ணுக்குப் பதிலாக
பரிசு வாங்கிய படம்
ஆள் உயரத்துக்கு நின்றது.

நூற்றியெட்டில் பன்னிரண்டு மணி நேர டூட்டி முடித்து
சீருடையோடே போயிருந்தேன்.
படத்தின் இடது ஓரத்தில்
நீலச் சட்டையில் ஒரு முழங்கை தெரியும்.
நான்தான் அது.
யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளத்தூரில் ஒரு வீட்டை இடித்தார்கள்.
பங்காளிகள் பதினேழு பேர்
கையெழுத்துப் போட்டு முடித்த வீடு.
தூண், நிலை, கதவெல்லாம் லாரி ஏறிய பிறகு
மிச்சமிருந்த சுவரில்
பாதி சாத்தையாவின் மேல் விழுந்தது,
பாதி நின்றது.

நாடி பார்த்தேன்.
கை மாற்றிப் பார்த்தேன்.
கழுத்தில் பார்த்தேன்.
நேரம் குறித்தேன்: பதினொன்று நாற்பது.
அப்புறம்தான் முத்துராக்கு வந்தாள்,
சித்தாள் வேலைக்குப் போயிருந்த இடத்திலிருந்து
தலைச் சும்மாட்டைக்கூட எடுக்காமல்.

படத்தில் அவளுடைய முதுகுதான்.
முகம் எதிரே, சுவரில்.
முகம் பார்க்கலாம் என்று
விலை பேசும்போது சொல்வார்களே, அந்தச் சுவர்.
அத்தனை நாளும் அதில் யார் முகம் பார்த்தார்களோ.
அன்றைக்கு இவள் பார்த்தாள்.
அல்லது பார்க்கவில்லை,
சுவர்தான் அவளைப் பார்த்தது.
இன்னாசிமுத்து அதை எடுத்துவிட்டார்.

கீழே அட்டையில் நடுவர்கள் எழுதியிருந்தார்கள்:
‘துயரத்தின் தனிமை.’
தனிமையா?
பதினோரு பேர் நின்றோம்.
ஒருவர் சோடா உடைத்தார்.
ஜேசிபிக்காரப் பையன் மண்ணில் உட்கார்ந்து
வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.
விழாமல் அவளை ஒரு கையில் தாங்கியிருந்தேன்,
அந்தக் கைதான் முழங்கையோடு வெட்டுப்பட்டிருக்கிறது.
கோபமாகத்தான் வந்தது முதலில்.

பக்கத்தில் ஒருவர் லென்ஸ் எத்தனை எம்.எம். என்று கேட்டார்.
ஒரு கல்லூரிப் பெண்
துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு
படியிறங்கி வெளியே போனாள்.
தோளில் இருந்த குழந்தை அப்பாவிடம் கேட்டது:
‘அந்த அம்மா ஏன் செவுத்துக்குள்ள இருக்காங்க?’

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.
சுவர் முழுக்கத் தூசி.
இடிக்கும்போது பறந்த சுண்ணாம்பு,
கை வைத்தால் அப்பிக்கொள்ளும்.
ஒரே ஒரு இடம் துலக்கமாக,
இரண்டு தோள் அகலத்துக்கு.
முகம் அந்த இடத்தில்தான்.

அன்று இரவு
சட்டையின் முதுகில் ஒட்டியிருந்த வெள்ளையை
மூன்று தண்ணீர் மாற்றி அலசினேன்.
நாடி பார்த்துவிட்டு
எழ முடியாமல் சுவரோடு உரசி உரசி எழுந்திருக்கிறேன்.
நான் துடைத்த கண்ணாடி அது.
அதில் தெரிந்ததை
ஒரு சாண் தள்ளி நின்ற நான் பார்க்கவேயில்லை.
பி.பி. பார்த்தேன். பல்ஸ் பார்த்தேன்.
அவள் முகத்தை
எட்டு மாதம் கழித்து
வரிசையில் நின்று பார்த்தேன்.

மணமேடைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.
ஆறு வருஷ சர்வீஸில்
டூட்டிச் சட்டையோடு அழுதது அது ஒருதரம்.

முத்துராக்கு இப்போது கோட்டையூரில்
ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறாள்.
போனில் சொன்னேன், படம் வந்திருக்கிறது, வர்றியா என்று.
குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது கொஞ்ச நேரம்.
‘அதுல அவுக இருக்காகளா தங்கச்சி?’

இல்லை.
சட்டத்துக்கு வெளியே, ஓர் அடி கீழே இருக்கிறார்,
என் கம்பளிக்கு உள்ளே.

‘அவுக படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு,
ஓட்டு அட்டையில, நகம் அளவு.
அந்தப் போட்டோக்காரர்கிட்டக் கேளு,
பெருசாக்கித் தருவாரான்னு.’

கேட்டேன்.
பரிசு மாலை வாடாமல் தோளில் கிடக்க
இன்னாசிமுத்து அட்டையை வெளிச்சத்தில் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
‘பெருசாக்குனா உடைஞ்சிரும்மா,
புள்ளி புள்ளியாப் போயிரும்’ என்றார்.

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பதை
நாளைக்குத்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.
உடையட்டுமாம்.