பொத்தி

கருங்கடல் ஓரத்தில் ஒரு துறைமுகம், பெயர் பொத்தி.
ஜார்ஜியர்களுக்கு அது வெறும் ஊர்.
என் காதுக்கு மட்டும் வினையெச்சம்:
எதைப் பொத்தி? பொத்தி என்ன செய்ய?

மூன்று நாளாய் மழை.
பழுதுபார்க்கும் தளத்தில் கவிழ்த்துப் போட்ட படகின் அடியில்
சாம்பல் பூனை ஒன்று.
ஒரு கண் பீளை கட்டி ஒட்டிக்கொண்டது.
மற்றது திறந்திருக்கிறது,
யாரையும் நம்பாமல்.
வாயோரம் நூல் நூலாக எச்சில்.

வெல்டர் எல்குஜா குனிகிறான்.
கை தானாக நீள்கிறது.
பாதி வழியில் மடக்கிக்கொள்கிறான்.

கேன்டீன் சியாலா பால் கிண்ணத்தோடு ஓடிவருகிறாள்.
இன்னொரு கையில் காய்ச்சல் மாத்திரை, பாதியாக உடைத்தது.
"என் பையனுக்கு இதில்தான் குணமாச்சு."

போனை எடுத்த மருத்துவர் லமாரா
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
அந்த மாத்திரையை முதலில் தூர வையுங்கள்,
நம் சூட்டைத் தணிப்பது
பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும்.
பாலும் வேண்டாம்.
தண்ணீர் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.
என்ன சொன்னீர்கள், எச்சில் வடிகிறதா?
(கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.)
அப்படியானால் வெறுங்கை கூடவே கூடாது.

பாலைச் சியாலாவே குடித்தாள்.
மாத்திரையையும். தலைவலியாம்.

முர்மான் விசிலடித்துக் கூப்பிட்டான்,
பூனை இன்னும் உள்ளே போனது.
கம்பால் தள்ளலாமா என்றான்.
எல்குஜா அவன் கையிலிருந்து கம்பை வாங்கித்
தன் முதுகைச் சொறிந்துகொண்டு
அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.
இரக்கத்துக்குத்தான் அவசரம்.
நெத்திலி நாலு, படகின் விளிம்பில்.
ஒரு மணி நேரம்.
மேஸ்திரி வந்து பார்த்துத் திட்டிவிட்டுப் போன பிறகு
இன்னும் அரை மணி நேரம்.

மூக்கு வந்தது. பிறகு தோள்.
முழங்கை வரை வெல்டிங் கையுறை,
கையில் மடித்த கம்பளித் துண்டு.
பின்னாலிருந்து, கண்ணைப் பார்க்காமல்,
தலை முதல் வால்வரை
பொத்தினான்.

துண்டுக்குள் நாலு கால் புயல்.
கட்டைவிரல் தோலுறையில் பல் இறங்கியது.
அவன் இறுக்கவில்லை, விடவும் இல்லை.
எரியும் தீக்குச்சியைக் காற்றுக்கு மறைப்போமே,
அணையவும் கூடாது, சுடவும் கூடாது,
அந்த அளவு.

மீன் கூடைக்குள் இறக்கி,
மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கயிறு கட்டி,
இருட்டாகத் துணி போர்த்தியபின்தான்
மூச்சுவிட்டான்.
கையுறையைக் கழற்றி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ஓட்டை இல்லை.
இருந்தாலும் குழாயடியில் சோப்புப் போட்டுக்
கால் மணி நேரம் கழுவினான்.
மணி பார்த்த முர்மான்
மூன்று சிகரெட் முடித்திருந்தான்.

மினிபஸ்காரன், "பூனைக்கு டிக்கெட்?" என்றான்.
இரண்டு இருக்கைக்குக் கொடுத்தான் எல்குஜா.
வழியெல்லாம் மடியில் கூடை.
உள்ளே சத்தமே இல்லை,
அதுதான் பயமாக இருந்தது.

லமாரா பூனையைத் தனியறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்.
ஈறு புண்ணாக இருக்கலாம். இல்லையென்றால்
அந்த நோயின் பெயரை அவர் சொல்லவில்லை.
"பத்து நாள் பார்ப்போம்.
இப்போது உங்கள் கையைக் காட்டுங்கள்."
பூனையைப் பார்த்ததைவிட அதிக நேரம்
அவன் விரல்களைப் பார்த்தார், ஒவ்வொன்றாக,
நகக்கண் வரை.
வெல்டிங் பொறி சுட்ட தழும்பெல்லாம் என்னவென்று கேட்டார்.
அதுவரை யாரும் கேட்டதில்லை.

இன்று ஏழாம் நாள்.
இரண்டு நெத்திலி தின்றதாம்.
கண் ஒரு கீற்று திறந்ததாம்.
சியாலா தினமும் மாலையில் கேட்கிறாள்,
விரலை மடக்கி எண்ணிக்கொள்கிறாள்.
தளத்து ஆணியில் அந்தக் கையுறை தொங்குகிறது,
கட்டைவிரலில் நாலு புள்ளி,
யாரும் தொடுவதில்லை.

மழை விடவில்லை.
வினையும் இன்னும் முடியவில்லை.