பன்னிரண்டு ரிங்கிட் பலகை

ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால்
இரும்புச் சாமான் கடையில்
பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு வாங்கினேன்.
அவாஸ் அஞ்சிங்.
நாய் ஜாக்கிரதை.
சிவப்பில், பல்லைக் காட்டும் ஒரு தலை.

அப்போது என்னிடம் நாய் இல்லை.
எங்கள் தாமானில் இரண்டு வீடு உடைத்திருந்தார்கள்.
நானோ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு
இரவு வேலைக்குப் போகிறவள்.
குரைக்க ஒரு பலகையாவது இருக்கட்டுமென்று
கேட்டில் கம்பி முறுக்கிக் கட்டினேன்.

நான்கு வருடம் அது நன்றாகவே குரைத்தது.

பிறகு கோப்பி வந்தது.
மழைக்கு என் காருக்கடியில் ஒதுங்கி
அப்படியே தங்கிவிட்டது.
யாரையும் கடித்ததில்லை.
ஒருமுறை மட்டும்
கேஸ் தூக்கி வருகிற பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தது,
விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.
இந்த ‘ஒருமுறை’க்குக் கீழே
வக்கீல் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

புதன்கிழமை, காலை பத்தேகால்.
மீட்டர் பார்க்க வந்தவர் பெயர் ரொஸ்லான்.
மீட்டர் உள்சுவரில் இருக்கிறது.
கேட் பூட்டவில்லை.
நான் தூக்கத்தில் இருந்தேன்.
இந்த நான்கு வரியை
இதுவரை ஆறு இடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கெண்டைக்காலில் நான்கு ஓட்டை.
நான் மருந்துப் பெட்டியோடு ஓடினேன்.
அவர் கேட்டது மண்.
நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும்,
அதில் ஒன்று மண் கரைத்த தண்ணீர்.
செம்பருத்தித் தொட்டியிலிருந்து அள்ளி நீட்டினேன்.
முகர்ந்துவிட்டு,
இதில் எரு இருக்கிறது, காக், என்றார்.
நொண்டிக்கொண்டே போய்
பப்பாளி மரத்தடியில் தானே தோண்டினார்.
நான் ரப்பர் குழாயைப் பிடித்திருந்தேன்.
கணக்குத் தவறக் கூடாதென்று
இருவருமே உரக்க எண்ணினோம்,
அவர் மலாயில், நான் தமிழில்.
ஏழில் ஒன்றாக முடித்தோம்.

நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது
அந்த ஏழு.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது.
‘மேற்படி நாயின் மூர்க்கத்தைத் தாங்கள் நன்கறிந்திருந்தும்’
என்ற இடத்தில் ஆதாரமாக என் பலகை,
வண்ணப் படமாக.

பீச் ஸ்திரீட்டில் இரண்டாம் மாடியில்
தயாளினி விளக்கிச் சொன்னார்.
பலகை வருகிறவரை எச்சரிக்கிறது, அது உங்களுக்குச் சாதகம்.
ஆபத்து உங்களுக்குத் தெரியும் என்றும் சொல்கிறது,
அது பாதகம்.
எது கனமென்று மாஜிஸ்திரேட் பார்ப்பார்.

நாயே இல்லாதபோது கட்டியதம்மா, என்றேன்.
ரசீது இருக்கிறதா, என்றார்.

பொய்யாக இருந்தவரை வீட்டைக் காத்தது.
மெய்யான மறுநாளே
கூண்டேறிவிட்டது எனக்கு எதிராக.

கழற்றிவிடட்டுமா?
சாட்சியத்தை அழித்தீர்கள் என்பார்கள்.
புண் சீழ்வைத்து ஒன்பது நாள் படுத்திருந்தாராம்,
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிதானே,
பழம் வாங்கிக்கொண்டு ஒரு நடை?
வேண்டாம்.
போனில் ஒரு வார்த்தை?
அதுவும் வேண்டாம். மன்னிப்புக் கேட்டால்
குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள்.

கோப்பிக்கு வாய்ப்பூட்டு வாங்கினேன்.
வீட்டில் இப்போது
இரண்டு பேருக்கு அது இருக்கிறது.

கிழிந்த கால்சட்டை, நாற்பத்தைந்து ரிங்கிட்.
ஊசி, கட்டு, மாத்திரை, நூற்று எண்பது.
ஒன்பது நாள் சம்பளம்.
எல்லாவற்றுக்கும் ரசீது இணைத்திருக்கிறார்கள்.
அதற்குக் கீழே
‘வலியும் வேதனையும்’ என்று ஒரு வரி.
தொகை இருக்க வேண்டிய இடத்தில்
நீதிமன்றம் தகுமெனக் கருதுவது.

நேற்று மின்சார பில் வந்தது.
இப்போதெல்லாம் யாரும் கேட்டைத் தாண்டுவதில்லை.
யூனிட்டுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில்:
அனுமானம்.
வழக்கத்தைவிடப் பதினொரு ரிங்கிட் கூடுதல்.
முறையிடலாமாம், பதினான்கு நாளுக்குள்.
கட்டிவிட்டேன்.

பப்பாளி மரத்தடியில்
அவர் விரலால் தோண்டிய குழி அப்படியே இருக்கிறது.
மத்தியான வெயிலுக்கு
கோப்பி அதில்தான் சுருண்டு படுக்கிறது.