சிவப்புப் புள்ளி

பழைய வங்கிக் கட்டடம்.
இரும்புப் பெட்டக அறையில் இப்போது
விற்காத ஓவியங்கள் தூங்குகின்றன,
பணம் இருந்ததைவிடப் பத்திரமாக.

ஹியூவான் ஆறு கடலுக்காக அகலத் தொடங்கும் இடத்தில்
ஒரு தெரு, இரண்டு ரொட்டிக்கடை, பிறகு நாங்கள்.
முப்பத்தோரு பேரின் கைவேலை என் பொறுப்பு.
விற்றால் நூற்றுக்கு நாற்பது கூடத்துக்கு.
அதைச் சொல்லும்போது மட்டும்
இன்னமும் என் குரல் சற்றுத் தாழும்.

ஜூன் மாதம். டாஸ்மேனியாவில் குளிர்காலம்.
சுற்றுலா வண்டிகள் ஹோபார்ட்டைத் தாண்டுவதில்லை.
மழைதான் தவறாமல் வருகிறது,
கண்ணாடியில் முகம் வைத்துப் பார்க்கிறது,
வாங்காமல் போகிறது.

டெஸ்மண்ட் ட்ரெகியர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.
ஆற்றடியில் எத்தனையோ காலம் கிடந்த
ஹியூவான் பைன் கட்டை ஒன்றை இழுத்துவந்து
கடைசல் இயந்திரத்தில் ஏற்றி
கிண்ணமாக்கினார்.
மூக்கருகே கொண்டுபோனால்
தேனும் மருந்தும் கலந்த வாசம்.
அறுநூற்று நாற்பது டாலர்.
சன்னல் பலகையில் பதினான்கு மாதம்.

மாலை மூன்று இருபதுக்குப் பேருந்து எங்களைக் கடக்கும்.
கடக்காது, ஊரும்.
அவர் தலை திரும்பும்.
பின்னால் பிள்ளைகளின் தலைகளும் திரும்பும்.
விலைச்சீட்டில் புள்ளி இல்லை.
கியர் மாறும் சத்தம்.

ஒரு செவ்வாய்க்கிழமை
தெருவே அதிர ஹாரன்.
ஒன்றல்ல, ஏழெட்டு.
பேருந்துக்குள் கோல் விழுந்த மைதானம்போல் கூச்சல்.
நான் எழுந்து சன்னலுக்கு வருவதற்குள்
முனை திரும்பிவிட்டது.

கிண்ணத்தின் சீட்டில்
சிவப்பாக, வட்டமாக, ஒரு புள்ளி.

மேலே மாட்டியிருந்த ஐனஸ் குவாரலின் பென்குயின் அச்சுப்படம்
போன மாதம் விற்றது.
அதன் புள்ளி ஈரத்தில் பசை விட்டு
நேரே கீழே உதிர்ந்திருக்கிறது.
நான் அளந்து ஒட்டியிருந்தாலும்
அத்தனை நடுவில் ஒட்டியிருக்க மாட்டேன்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று
நகத்தால் அதைப் பிய்க்கப் போனது
மறுநாள் காலையில்.
அப்போது தொலைபேசி.

மெரின் ஹாலரன்:
“டெஸ்மண்ட் என் நாணல் கூடைக்கு
முன்பணம் தந்துவிட்டார். மனைவிக்காம்.
லோர்னாவுடைய சாம்பல் பூச்சுச் சாடி இருக்கிறதே,
காது கொஞ்சம் கோணல், அது,
எனக்கு எடுத்து வை.”

அரை மணி கழித்து லோர்னா பைபஸ்:
“மெரின் சொன்னாள்.
சூளைக்கு விறகு சொல்லிவிட்டேன்.
ஆப்பிள் மரம். ஒரு வண்டி.”

விரலை எடுத்துக்கொண்டேன்.

நாற்பது விழுக்காட்டை எனக்கு நானே
தள்ளுபடி செய்துகொள்ளலாமா என்று
கணக்குப் புத்தகத்தைக் கேட்டேன்.
அது ஒழுகும் கூரையைக் காட்டியது.
சரி. முழு விலை. பத்துத் தவணை.
வாங்கியவர் என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.

வியாழக்கிழமை வந்தார்.
தலை வாரியிருந்தார், அதுவே புதிது.
“யார்?”
“ஹோபார்ட் பக்கம்.”
“பேர்?”
“சொல்ல வேண்டாமாம்.”
தொப்பியை மேசையில் வைத்தார், எடுத்தார்.
“ஒன்றே ஒன்று. பூட்டி வைப்பார்களா?
புழங்குவார்களா?”

“ஆப்பிள் போட்டு வைப்பார்களாம்”
என்றது என் வாய்.

“அப்படியானால் எண்ணெய் தடவச் சொல்லுங்கள்,
வருடத்துக்கு ஒரு தரம்.”
கதவருகே நின்று திரும்பினார்:
“பச்சை ஆப்பிளா, சிவப்பா?”

கூடத்தைப் பூட்டிவிட்டுப் போகும் வழியில்
சாலையோரம் ஆளில்லாத பழப்பெட்டி.
தகரடப்பாவில் காசு போட்டேன்.
இரண்டு கிலோ. சிவப்பு.
சமையலறை மேசையில் கிண்ணம் நிறைந்தது.
தேன், மருந்து, ஆப்பிள்.

ஆக, அந்தப் பொய்யைச் சரிசெய்தாயிற்று.
ஹோபார்ட்தான் பாக்கி.