பொதுச்சுவர்

இரவு இரண்டு ஐம்பது.
இடது கெண்டைக்காலில் ஒரு கெண்டை துள்ளியது.
மீனுக்கு வைத்த பேரை
ஏன் காலுக்கும் வைத்தார்கள் என்று
இருபத்தொன்பது வருஷம் நான் யோசித்ததில்லை.
ஏழாம் மாதத்தில் தெரிகிறது.
தோலுக்கடியில் தலை எது, வால் எது,
கல்லாய் இறுகிக்கொண்டு
முழங்காலைப் பார்த்து நீந்துகிறது.

தேசிகன் துறைமுகத்தில். இரவு ஷிப்ட்.
கன்டெய்னர்களுக்கு மேலே, கிரேன் கூண்டுக்குள்.
கூப்பிட்டால் என்ன செய்வான்?
கொக்கியை இறக்கி என் காலைத் தூக்குவானா?
சாட்ஸ்வொர்த் சரிவு முழுக்க மின்வெட்டு.
தெரியாத்தனமாக விரல்களைக் கீழ்நோக்கி நீட்டினேன்.
தூண்டிலை வெட்டி இழுத்தது போல ஆயிற்று,
மீனுக்கு வெறி ஏறிவிட்டது.

அப்புறம்தான் சிஸ்டர் நோசிபோ நினைவுக்கு வந்தாள்.
"குதிகாலைத் தள்ளு. விரல்கள் உன் மூக்கைப் பார்க்கட்டும்.
மூச்சைப் பிடித்து வைக்காதே,
இப்போது அது உனக்கு மட்டும் சொந்தமில்லை."
ஏன் வருகிறது என்று கேட்டிருந்தேன்.
பாரம் என்கிறார்கள், ரத்த ஓட்டம் என்கிறார்கள்,
தண்ணீர் குடிக்க மறந்த நாள்,
ரொட்டிக் கடையில் எட்டு மணி நேரம் நிற்கிற கால்.
"சரியாக யாருக்கும் தெரியாது" என்று சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல் சொன்னாள்:
"ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாகி,
நடந்தும் விடாமல் வலித்தால்
விடியட்டும் என்று படுத்திருக்காதே, வந்துவிடு.
அடிவயிறு விட்டுவிட்டு இறுகினாலும்,
ரத்தம் கண்டாலும் அப்படித்தான்."

கட்டிலை ஒட்டிச் சுவர்.
உள்ளங்காலை அதில் பதித்து அழுத்தினேன்.
ஜூலைக் குளிர் செங்கல் வழியாக ஏறியது.
அறுபது வரை எண்ணியிருப்பேன்.
மீன் வாலைத் தளர்த்தி
மறுபடி சதையாகிற நேரத்தில்
சுவர் தட்டியது.
அந்தப் பக்கத்திலிருந்து. மூன்று தட்டு.

இரட்டை வீடுகள் இவை,
ஒரே சுவருக்கு இரண்டு குடும்பம்.
அந்தப் பக்கம் கோகி அக்கா.
குரங்கு கிழித்துப் போட்ட குப்பைப் பை
யார் வீட்டுடையது என்ற வழக்கில்
பதினோரு மாதமாகப் பேச்சில்லை.

"என்னடி, நடுராத்திரியில சுவரை உதைக்கிற?"

"உதைக்கல. கொரக்களி."

அந்தச் சொல் எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது.
தமிழ் வகுப்பில் சொல்லித் தரவில்லை.
எப்போதோ அம்மா அடுப்படியில்
காலைப் பிடித்துக்கொண்டு கத்தியது,
இத்தனை நாள் எங்கே படுத்திருந்ததோ.

சுவர் கொஞ்சம் யோசித்தது.
"எந்தக் கால்?"
"இடது."
"எனக்கு ரெண்டும். மூணு பிள்ளைக்கும்.
எழுந்து நட. சுடுதண்ணி போட்டியா?"
"கரண்ட் இல்லையே."
"என்கிட்ட கேஸ் இருக்கு" என்றது சுவர்.

துண்டில் சுற்றிய பாட்டிலும் டார்ச்சுமாக வந்தாள்.
நடையில் இருவரும் போனோம், வந்தோம்,
போனோம், வந்தோம்.
சூட்டைக் காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும்
பை உன்னுடையதுதான் என்றாள்.
இல்லை என்றேன்.
அதற்கு மேல் வலிக்கவில்லை.

மறுநாள் வேலியில் ஒரு சீப்பு வாழைப்பழம்.
குரங்கு எடுத்தது போக எனக்கு இரண்டு.
வாழைப்பழம் கேட்குமா கேட்காதா,
சிஸ்டர் தோளைக் குலுக்கினாள்.
தின்றேன்.

இப்போதெல்லாம் படுக்கும் முன்பு
சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னுக்கு வைத்து,
குதி தரையை விடாமல் சாய்கிறேன்.
வீட்டை நகர்த்தப் பார்க்கிறாயா என்கிறான் தேசிகன்.
நேற்று கெண்டை வரவில்லை.
ஆனாலும் இரண்டு ஐம்பதுக்கு விழித்துக்கொண்டேன்.
விலாவுக்குக் கீழே ஒரு சின்னக் குதிகால்
உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்தது.
அதற்கு நான்தான் சுவர்.
விரலால் மூன்று தட்டு தட்டினேன்,
மெதுவாகத்தான்.

"மறுபடியுமா?" என்றது பக்கத்து வீடு.

"இல்லக்கா. இது வேற ஆள்.
நீங்க தூங்குங்க."