ஜெனிஷாவின் உயரம்

எனக்கு முன்னால் இங்கே குடியிருந்தவர்கள்
மகளை இந்தச் சுவரோடு நிற்க வைத்துக்
கோடு போட்டிருக்கிறார்கள்.
ஜெனிஷா, நாலு வயசு. அஞ்சு. ஆறு.
ஏழுக்குப் பக்கத்தில் மட்டும்
'எக்கி நின்னா, செல்லாது' என்று பொடி எழுத்து.
பன்னிரண்டோடு முடிகிறது.
வீடு மாற்றியிருப்பார்கள்.

மார்பை எடுத்த பதினோராம் நாள்
பக்கவாட்டுக் குழாயை உருவிவிட்டு
பிசியோதெரபிப் பெண் சொன்னாள்:
'சுவத்துல விரலை நடக்க விடுங்கக்கா,
சிலந்தி ஏர்ற மாதிரி.
வலிச்சா நில்லுங்க.
எறங்கும்போதும் நடந்தே எறங்கணும்,
கையைத் தொப்புனு போடக் கூடாது.'

முதல் நாள் இடது கை
அஞ்சு வயசைத் தொட்டது.
அங்கேயே நின்று அழுதேன்.
வலிக்காக இல்லை.
கொருக்குப்பேட்டையில் பாதிப் பேருக்கு
மார்பளவு எடுத்துத் தைத்தவள் நான்.

ராத்திரி தழும்புக்குத் தேங்காய் எண்ணெய்.
பத்து நாள் லைட்டை அணைத்துவிட்டுத்தான் தடவினேன்,
பஸ்ஸில் தெரியாதவர்மேல் கை பட்டுவிட்டதுபோல.
அப்புறம் ஒருநாள் கரண்ட் வந்துவிட்டது, பார்த்துவிட்டேன்.
நல்ல கை. தொழில் தெரிந்தவள் சொல்கிறேன்.
அக்குள் ஓரத்தில் மட்டும் ஒரு சுருக்கம்,
நானாயிருந்தால் பிரித்து மறுபடி போட்டிருப்பேன்.

பஞ்சு வைத்து எனக்கு ஒன்று தைத்துக்கொண்டேன்.
எடை போதாமல் தோள் ஒருபக்கம் தூக்கியது.
நூறு கிராம் கடுகு உள்ளே போட்டேன்.
குனியும்போது சலசலக்கும்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.

ரயில்வே கேட் மூடினால்
தெருவே ஆரனில் அலறும். முன்பு நானும் திட்டுவேன்.
இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறேன்.
ஒரு டேங்கருக்கு மூச்சை இழு,
அடுத்த டேங்கருக்கு விடு.
மணலிக் காற்று நாறுகிற நாளில்
பாதி இழுத்தால் போதும்.
நாற்பத்தெட்டு டேங்கர் போன சாயங்காலம்
ஒரு பெட்டியில்கூட தணிகாசலம் இல்லை.
ஆஸ்பத்திரி வாசனை ஒத்துக்கவில்லை என்று
தங்கச்சி வீட்டுக்குப் போனவர்,
சார்ஜரையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

'எப்படி இருக்கே' என்றவர்களிடம்
மூன்று நாள் நல்லாயிருந்தேன்.
நாலாம் நாள் போனை
அரிசி டப்பாவில் போட்டு மூடிவிட்டுத் தூங்கினேன்.
மத்தியானத் தூக்கம்!
கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை.
ஷம்ஷாத் மட்டும் எதையும் கேட்பதில்லை.
லாரித் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து வைத்துவிட்டு
'உன் கருவேப்பிலையில கொஞ்சம் எடுத்துக்கறேன்' என்று போகிறாள்.
செடியில் இலையே இல்லை.

ஆவணியில் எட்டு வயசு.
நடுவில் ஒரு வாரம், ஊசி போட்ட வாரம்,
மறுபடி ஆறு.
வாந்திக்கு நடுவில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர்,
ஸ்பூன் ஸ்பூனாக.
அந்த வாரம் சுவரை நான் பார்க்கவில்லை,
சுவரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.
தீபாவளிக்கு முன் பத்து.
ஒரு பாவாடை தைத்தேன், ரவிக்கை இன்னும் தொடவில்லை.

நேற்று வியாழக்கிழமை
விரல் பன்னிரண்டைத் தாண்டிப் போனது.
அதற்குமேல் கோடு இல்லை. வெறும் சுண்ணாம்பு.
எங்கே இருக்கிறாளோ,
அவளும் இதைத் தாண்டியிருப்பாள்.

துணிக்குக் குறி போடுகிற நீல சாக்கால்
ஒரு கோடு இழுத்தேன்.
ஐம்பத்தொன்று என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்துப் பக்கத்தில்
'எக்கினேன், செல்லும்' என்றும்.

பிறகு கையை நடத்தியே
கீழே கூட்டி வந்தேன்.
பன்னிரண்டு, பத்து,
ஏழில் மட்டும்
கொஞ்சம் நின்று.