முகவரி மட்டும் போய்ச் சேர்ந்தது

ஓர்ஃபெலினா வென்சூர் தொலைபேசியில் கத்தவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
"தம்பி, என் படகுச் சீட்டில்
பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஹாஷ் என்று இருக்கிறது.
பக்கத்தில் அடைப்புக்குள் சைபர், எக்ஸ், ஐந்து, ஐந்து, டி.
யார் இது? நானா, மூத்தவனா, கோழியா?"

சிலோயே தீவில் மழை நிற்பதற்குள்
யாரோ எழுதிவிட்டுப் போன பக்கம் அது. பெர்ல்.
திறந்து பார்த்தேன்.
படிவத்தில் எல்லாம் சரியாகத்தான் ஏறியிருந்தது:
பயணிகளுக்குள் அவள், அவளுக்கடுத்து இரண்டு மகன்கள்,
இளையவனுக்குள் சாமான்கள்,
சாமான்களுக்குள் கூண்டு,
கூண்டுக்குள் ஏழு கோழிகள்,
ஏழாவதற்குள் ஒரு குறிப்பு:
கால் ஊனம், தனியே வைக்கவும்.

அதன் பிறகு வருகிறது அந்த வரி,
உலாவியைத் தோளைப் பிடித்து
"இங்கே இல்லை, அந்தப் பக்கம் போ" என்று
திருப்பி அனுப்பும் வரி.
போகிறவன் கையில் கொடுத்தனுப்ப முடிவது
எழுத்துகளால் ஆன ஒற்றைச் சரம்.
ஒரு குடும்பத்தைச் சரமாக்கு என்றால்
பெர்ல் என்ன செய்யும், பாவம்.
நினைவகத்தில் அவர்கள் குடியிருந்த
கதவிலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டது.

அடுத்த பக்கம் அதை எடுத்துக்கொண்டு போய்த் தட்டுகிறது.
கதவு இல்லை. தெருவே இல்லை.
முந்தைய கோரிக்கை மூச்சுவிட்ட கணமே
எல்லாம் இடித்துச் சமமாக்கியாயிற்று.

பலகை பலகையாகப் பிரித்து
ஒவ்வொன்றிலும் எண் எழுதி அனுப்பிப் பார்த்தேன்.
பயணி இரண்டின் கூண்டின் கோழி ஆறின் கால்.
(சைபரிலிருந்து எண்ணுகிறோம், அதனால் ஆறு என்பது ஏழு.)
முகவரிப் பட்டை முழுக்கச் சதவீதக் குறிகளின் முள்வேலி.
ஓர்ஃபெலினாவுக்கு வேலை செய்தது.
உருளைக்கிழங்குக் கூட்டுறவுக்காரர்கள் நாற்பது பேர் வந்தபோது
பதினேழாவது ஆளின் மூட்டை நடுவே வெட்டுப்பட்டது.
தவிர, பட்டையில் கைவைத்து எவனும்
மாட்டைக் கோழியாக்கி
கோழிக் கட்டணம் கட்டலாம்.

கடைசியில்
குடும்பத்தை அப்படியே உறையவைத்து
சர்வரின் அலமாரி ஒன்றில் நிறுத்தினேன்.
உலாவியின் கையில் ஒரு டோக்கன் மட்டும்.
அடுத்த பக்கம் டோக்கனைக் காட்டும், இளக்கி எடுக்கும்.

"டோக்கனும் ஒரு கதவிலக்கம்தானே?"
என்றான் பெலர்மீனோ, மட்டிச் சூப்பு உறிஞ்சியபடி.
ஆமாம்.
இந்தத் தடவை வீடு நிற்கிறது, அவ்வளவுதான்.
இருபது நிமிடம்.

சனிக்கிழமை, கடல் ஏற்றம்.
வேலை இல்லை, ஆனாலும் துறைக்குப் போனேன்.
உருளைக்கட்டைகளில் எருதுகள் கரைவரை இழுத்துவந்த வீடு
இரண்டு படகுகளின் பின்னால் மிதந்துகொண்டிருந்தது,
கூரையோடு, சன்னலோடு,
கழற்ற மறந்த திரைச்சீலைகளோடு.
எதையும் பிரிக்கவில்லை, எதற்கும் எண் போடவில்லை.
ஊரே கயிற்றைப் பிடித்திருந்தது.
எனக்கு லேசாகக் கோபம் வந்தது.

சீட்டு பார்க்கிறவர் ஓர்ஃபெலினாவின் பெயரைப் படித்தார்.
மகன்களின் பெயர்களைப் படித்தார்.
குனிந்து கூண்டுக்குள் எண்ணினார். ஆறு.
இன்னொரு முறை எண்ணினார்.
"ஏழு என்று போட்டிருக்கிறதே, அம்மா."

அவள் தண்ணீரில் போகும் வீட்டைக் காட்டினாள்.
"அடுப்பங்கரையில் இருக்கிறது.
தனியே வைக்கவும் என்று
எழுதியிருந்தேனே."